இசைத்தட்டும் இசை நுகர்வும்

(ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூரில் நடைபெற்ற குடும்பக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு அளிக்கப்பட்ட பொருள் இசையைப் பற்றியது. ஆயினும் எந்த இராகத்தையும் பற்றியதன்று. பாட்டை இசைத்தட்டாகவோ, ஒலிநாடாவாகவோ, குறுந்தகடாகவோ விலை கொடுத்து வாங்கி வீட்டில் வைத்துக் கேட்பவர், அதே பாட்டைக் கைப்பேசியில் கேட்பவரைவிட மிகுதியாக இன்புறுகிறாரா என்பதே வினா. போளூரிலிருந்து நாம் மலையேறி வந்தபோது, இரண்டு மூன்று வளைவுகளைக் கடந்ததும் இளைஞர் பலரின் கைப்பேசிப் பாட்டு நின்றுபோனதை எல்லோரும் கண்டோம். பேருந்து ஓட்டுநரின் பென் டிரைவ் மட்டும் இடையறாது பாடிக்கொண்டு வந்தது. பொருளாக வைத்திருப்பதன் பயன் இதுதான் என்று முடித்துவிட்டால் என் வேலை எளிதாகிவிடும். ஆனால் கிடைப்பது வேறு, சுவைப்பது வேறு.

இவ்வினா நம்மவர்க்குப் புதியதன்று. சமந்தபத்திர ஆசாரியார் இரத்தின கரண்டகத்தில் இல்லறத்தார்க்குரிய விரதங்களை விளக்குமிடத்தில், நுகர்பொருள்களை இரண்டாகப் பிரிக்கிறார். ஒருமுறை நுகர்ந்ததும் தீர்ந்துபோவது போகம். மீண்டும் மீண்டும் நுகரத் தக்கது உபபோகம். உணவு முன்னதற்கும் ஆடை பின்னதற்கும் எடுத்துக்காட்டு. பிறகு அளவு வகுத்துக் கொள்ள வேண்டியவை எவை என்று வரிசையாகச் சொல்லும்போது உணவு, ஊர்தி, படுக்கை, பூ, வெற்றிலை, உடை, அணிகலன் ஆகியவற்றோடு இசையையும் பாட்டையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார். இன்று, ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பக்கம், ஒரு திங்கள், ஒரு பருவம், ஓர் அயனம் என்று காலம் குறித்து அளவு வகுத்துக் கொள்ளலாம் என்பதும் அங்கேயே உண்டு. அந்நூலின் வழியில் நடக்கும் நம் அருங்கலச்செப்பைச் சிறுவயதில் மனப்பாடம் செய்தவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நான் வியப்பது ஒன்றுதான். அந்நாளில் இசை என்பது போகம். பாடுபவர் வாய் மூடினால் பாட்டுத் தீர்ந்தது. விரும்பினாலும் அதே பாட்டை அப்படியே திரும்பப் பெற முடியாது. அதை உபபோகமாக மாற்றியது இசைத்தட்டு. இந்த மாற்றம் நம் நாட்டில் தொடங்கியது 1902-ஆம் ஆண்டில். அவ்வாண்டு நவம்பர் மாதம் கிராமபோன் கம்பெனியின் பிரெடெரிக் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து, கௌகர் ஜான் முதலிய கலைஞர்களின் குரலைப் பதிவு செய்தார். சில ஆண்டுகளில் தமிழ்ப் பாட்டுகளும் தட்டேறின. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாட முடியும். மணிக்கணக்கில் ஆலாபனை செய்து பழகிய வித்துவான்கள் அந்த மூன்று நிமிடத்துக்குள் தம் வித்தையைச் சுருக்கித் தர வேண்டியிருந்தது. கேட்பவருக்கும் கட்டுப்பாடு உண்டு: சாவி கொடுக்க வேண்டும், ஊசியை அடிக்கடி மாற்ற வேண்டும், பக்கம் முடிந்ததும் எழுந்து சென்று தட்டைத் திருப்ப வேண்டும். அளவு வகுத்தல் என்பது கருவியிலேயே அமைந்திருந்தது.

திரும்பக் கேட்கும் வாய்ப்பு என்ன செய்யும் என்பதற்குக் கோயம்புத்தூர் தாயி அம்மையாரின் தட்டு ஒரு சான்று. பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் தெலாழ் 1912-ஆம் ஆண்டையொட்டி இந்தியாவுக்கு வந்தவர். தாயி அம்மையாரின் தட்டைக் கேட்டுக் கேட்டு அதன் சங்கதிகளை உள்வாங்கி, ‘ராகமாலிகா’ என்ற பெயரில் ஒரு படைப்பை இயற்றினார். தமிழ் தெரியாத ஒருவர் தமிழ்ப் பாட்டின் நுணுக்கத்தை அவ்வளவு நெருங்கியது கச்சேரியில் ஒருமுறை கேட்டதால் மட்டும் நிகழ்ந்திருக்காது. ஊசியைத் தூக்கி மீண்டும் அதே இடத்தில் வைக்க முடிந்ததால் நிகழ்ந்தது. நம் ஊர்களிலும் குருவிடம் செல்ல வழியில்லாத எத்தனையோ பேர் தட்டுகளையே ஆசானாகக் கொண்டு பாடப் பழகினர்.

இங்கே நம்மவர் கேட்க வேண்டிய ஒரு செய்தியை இடையில் சொல்லிச் செல்கிறேன். பழைய கறுப்புத் தட்டுகள் அரக்கினால் ஆனவை. கல்தூளோடு அரக்கைக் கலந்து அழுத்தித்தான் அவற்றைச் செய்தார்கள். அரக்கு, மரக்கிளைகளில் ஒட்டி வாழும் கோடிக்கணக்கான சிறு பூச்சிகள் சுரப்பது; கிளையிலிருந்து அதைச் சுரண்டி எடுக்கும்போது பூச்சிகளும் மடிகின்றன. இல்லறத்தார் விலக்க வேண்டிய வாணிகங்களுள் அரக்கு வாணிகத்தையும் நம் சமய நூல்கள் எண்ணியிருக்கின்றன. 1948-இல் வெளிவந்த நெடுநேரத் தட்டுகள் வினைல் என்னும் செயற்கைப் பொருளுக்கு மாறின. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனத்தின் கேசட்டும், 1982-இல் குறுந்தகடும் வந்தன. ஆகவே பழைய தட்டைப் பெருமையோடு சுவரில் மாட்டி வைப்போர் அது எதனால் ஆனது என்பதையும் அறிந்திருப்பது நல்லது. இருப்பதை உடைத்தெறியுங்கள் என்று நான் சொல்லவில்லை.

இனி வினாவுக்கு வருகிறேன். உடைமை இன்பத்தைக் கூட்டுகிறதா? உடைமை மதிப்பைக் கூட்டுகிறது என்பது ஆய்வால் தெரிந்த ஒன்று. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்டு தேலர் ஆகிய மூவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர் சிலருக்குக் காப்பிக் குவளை ஒன்றைக் கொடுத்துவிட்டு, அதை என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். குவளை பெறாதவர்களிடம் என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்று கேட்டார்கள். சற்று முன்புதான் கைக்கு வந்த குவளைக்கு, உடையவர்கள் மற்றவர்களைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாக விலை சொன்னார்கள். இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் அந்தக் குவளையில் இன்னும் ஒரு மிடறுகூடக் குடித்திருக்கவில்லை என்பது. ‘எனது’ என்ற எண்ணம் மதிப்பை ஏற்றிவிட்டது; நுகர்வு தொடங்கவே இல்லை.

இசைத்தட்டுச் செய்தியும் இதற்கு ஒத்திருக்கிறது. அமெரிக்காவில் 2022-ஆம் ஆண்டில், 1987-க்குப் பிறகு முதன்முறையாக, குறுந்தகடுகளைவிட வினைல் தட்டுகள் எண்ணிக்கையில் மிகுதியாக விற்றன. 4 கோடிக்கும் மேற்பட்ட தட்டுகள். ஆனால் தட்டு வாங்குவோரில் பாதிப் பேரிடந்தான் அதை ஓட்டும் கருவி இருக்கிறது என்று லூமினேட் என்னும் கணிப்பு நிறுவனம் 2023-இல் தெரிவித்தது. மற்றப் பாதிப் பேருக்கு அந்தத் தட்டு ஒரு படம், ஒரு நினைவுப்பொருள், ஓர் அடையாளம். அவர்களை நான் எள்ளவில்லை. அதுவும் ஓர் அன்புதான். ஆயினும் அதை இசை நுகர்வு என்று கூற என் மனம் ஒப்பவில்லை.

அப்படியானால் கேசட்டில் கேட்டபோது இருந்த சுவை இப்போது இல்லை என்று நம்மில் பலர் சொல்வது வெறும் மயக்கமா? அதுவும் இல்லை. அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். நடுவில் ஒரு பாட்டைத் தாண்டிச் செல்வதென்றால் நாடாவை ஓட்டி, நிறுத்தி, பார்த்து, மறுபடி ஓட்ட வேண்டும். அந்தத் தொல்லைக்கு அஞ்சியே, பிடிக்காத பாட்டையும் கேட்டோம். நான்காம் முறையில் அது பிடித்துப்போயிற்று. வீட்டில் இருந்தவை பத்துக் கேசட்டுகள் என்றால், பத்தையும் முழுமையாக அறிந்திருந்தோம். எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பாடி 1963-இல் வெளிவந்த சுப்ரபாதத் தட்டைக் கேட்டு வளர்ந்த தமிழ்க் குடும்பங்களில், ஓர் அடி முடிந்ததும் அடுத்த அடி எங்கே எழும் என்பது வடமொழி அறியாத குழந்தைக்கும் தெரியும். சுவையைத் தந்தது அந்தப் பிளாஸ்டிக் பெட்டி அன்று. பெட்டி நமக்கு விதித்த எல்லையும், எல்லைக்குள் நாம் செலுத்திய கவனமும். கைப்பேசியில் கோடிக்கணக்கான பாட்டுகள் இருக்கின்றன. எல்லையை நாமே வகுக்க வேண்டியிருக்கிறது. ஒரு திங்களுக்கு ஐந்து பாட்டு என்று வகுத்துக் கொண்டு கேட்டுப் பாருங்கள். சமந்தபத்திரர் சொன்ன காலக்கணக்கு கைப்பேசிக்கும் பொருந்தும்.

இப்படிச் சொல்வதால் பொருளுக்கு மதிப்பே இல்லை என்று ஆகிவிடாது. சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையோடு இசைப்போட்டிக்கு வந்த சீவகன், தன்னிடம் தரப்பட்ட யாழ்களை ஒவ்வொன்றாக விலக்குகிறான். ஒன்று நீரில் ஊறிய மரத்தால் ஆனது. ஒன்று இடி தாக்கிய மரத்தால் ஆனது. திருத்தக்கதேவர் துறவி, ஆயினும் இசை குடியிருக்கும் பொருளின் குற்றங்குறைகளை அவ்வளவு நுட்பமாக எண்ணிச் சொல்லியிருக்கிறார். இசை ஏதேனும் ஓர் உடம்பில்தான் தங்க வேண்டும். அந்த உடம்பு கெட்டால் இசையும் கெடும்.

அந்த உடம்பைப் பற்றிய கவலைதான் என்னை இங்கே பேச வைத்தது. நம் வீடுகளின் பரண்களில் இன்னும் கேசட்டுகள் கிடக்கின்றன. திரைப்பாட்டுக் கேசட்டுகளை விட்டுவிடுங்கள். அவை வேறெங்கும் கிடைக்கும். முன்பு வீட்டில் இரவு நேரத்தில் பெரியவர்கள் ஸ்ரீபுராணத்தை நீட்டி வாசித்ததையும், மேருமந்தர புராணப் பாடலை இராகத்தோடு சொல்லிப் பொருள் கூறியதையும், பாட்டிமார் பாடிய தாலாட்டையும் நலங்குப் பாட்டையும் யாரோ ஒரு பேரப்பிள்ளை டேப் ரிக்கார்டரில் பிடித்து வைத்திருப்பார். அவை எந்த நிறுவனத்தின் பட்டியலிலும் இல்லை. உலகத்தில் ஒரே ஒரு பிரதி. பாடியவர் பலர் இப்போது இல்லை. நூல் அச்சில் இருக்கிறது. வாசிக்கும் முறை அந்த நாடாவில் மட்டும் இருக்கிறது.

நாடாவின் ஆயுளோ குறுகியது. மெல்லிய பாலியெஸ்டர் நாடாவின்மேல் இரும்பு ஆக்சைடுத் துகள்களைப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். ஒலி அத்துகள்களின் காந்தத்தில் உறைந்திருக்கிறது. ஈரத்தில் பசை இளகும், வெண்பூசணம் பிடிக்கும். இந்த மலையைப் போன்ற ஈரக்காற்று வீசும் இடங்களில் அது விரைந்து நிகழும். பூசணம் தெரிந்தால் அந்தக் கேசட்டை எந்தக் கருவியிலும் போடக்கூடாது. கருவியும் கெடும், அடுத்த கேசட்டும் கெடும். தனி உறையிலிட்டுத் தேர்ந்தவரிடம் கொடுக்க வேண்டும். நல்ல நிலையில் இருப்பவற்றை நிமிர்த்தி, ஒலிபெருக்கிக்கும் காந்தத்துக்கும் தொலைவாக, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். கணினிக்கு மாற்றும்போது எம்பி3 ஆகச் சுருக்காமல், குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் முழுமையாக எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த பின்னும் நாடாவை எறிய வேண்டாம். இம்மலையில் காவலூர் வானோக்கு நிலையத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம், கொடைக்கானலில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் எடுக்கப்பட்ட சூரியப் படங்களைக் கணினிக்கு மாற்றியது. பழைய தகடுகளையும் போற்றி வைத்திருக்கிறது. அதைவிடத் தேர்ந்த முன்மாதிரி நமக்கு வேண்டியதில்லை.

பொருளை உடைமையாகப் பூட்டி வைத்தல் ஒன்று. சாஸ்திரதானமாகப் படியெடுத்து வழங்குதல் மற்றொன்று. பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த அத்திமப்பே அம்மையார், பொன்னர் இயற்றிய சாந்திபுராணத்தை ஆயிரம் படி எழுதுவித்து வழங்கினார். உ. வே. சாமிநாதையர் 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முன், கும்பகோணத்துச் சமணர் வீட்டில் நடைபெற்ற சிந்தாமணிப் படனத்துக்குச் சென்று பொருள் கேட்டறிந்தார். சுவடி அவர் கையிலேயே இருந்தது. அதைத் திறந்து காட்டியவர்கள், வழிவழியாக வாசித்து வந்த நம் முன்னோர். சுவடியும் வேண்டியிருந்தது, வாசிப்பும் வேண்டியிருந்தது.

ஆகவே இவ்வறக்கட்டளைப் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த திருவிழாவுக்குள் ஊருக்கு ஒருவரை நியமித்து, வீடுவீடாகக் கேசட்டுகளைக் கணக்கெடுக்க வேண்டும். தாய்மார்களே, கேசட்டைத் தேடி எடுத்ததும் முதலில் அதன் அட்டையில் வாசித்தவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, எந்த நூல் என்று எழுதி வையுங்கள். அந்தக் குரல் யாருடையது என்று அடையாளம் சொல்லக்கூடியவர்கள் இன்று இந்த அவையின் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்.