பாதி பிரஷ்ஷும் பக்கத்து வீட்டு ஏணியும்
(நம் குடியிருப்பு நடைக்குழுவின் காலாண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)

தினமும் காலையில் ஐந்து சுற்று வருகிறவர்களுக்கும், முதல் சுற்றிலேயே பூங்கா பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நாம் வாக்கிங் கிளம்பும்போது கையில் என்ன இருக்கும்? வீட்டுச் சாவி, செல்போன். வரும் வழியில் கீரை வாங்குகிறவர்களிடம் ஒரு துணிப்பை. அவ்வளவுதான். இதே நடை ஆறு மாதம் நீடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் அப்பலாச்சியன் டிரெயில் என்று ஒரு மலைப்பாதை இருக்கிறது. ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கி, 14 மாநிலங்களைக் கடந்து, மெய்ன் மாநிலத்தில் முடிகிறது. தூரம் சுமார் 3,500 கிலோமீட்டர். முழுவதையும் ஒரே மூச்சாக நடப்பவர்களுக்குப் பொதுவாக ஐந்து முதல் ஏழு மாதம் ஆகும். கூடாரம், படுக்கை, அடுப்பு, ஐந்து நாள் சாப்பாடு, எல்லாம் முதுகில்தான். அதனால் எடை அவர்களுக்கு விளையாட்டு விஷயம் இல்லை. மாடிப்படி ஏறும்போதே நம் முழங்கால் என்ன சொல்கிறது என்று நமக்குத் தெரியும். பதினெட்டு கிலோ மூட்டையோடு தினமும் மலை ஏறினால் அது என்னென்ன சொல்லும்!

ரே ஜார்டின் என்பவர் விண்வெளித் துறையில் பொறியாளராக இருந்தவர். 1992-இல் நெடுநடைக்கு ஒரு கையேடு எழுதினார். தன் பையைத் தானே தைத்துக்கொண்டார், கூடாரத்துக்குப் பதில் ஒரு விரிப்பைக் கட்டிக்கொண்டார், நம்மூர்க்காரர் மாதிரி குடை எடுத்துப் போனார். சுமை குறைந்தால் நடை சுகம் என்றார். நியாயமான பேச்சு. அதற்குப் பிறகு அது மெல்ல மெல்ல ஒரு வியாதியாக மாறியதுதான் வேடிக்கை.

இன்றைக்கு அங்கே "பேஸ் வெயிட்" என்று ஒரு கணக்கு. உணவு, தண்ணீர், எரிபொருள் தவிர மற்ற பையின் எடை. அது நாலரைக் கிலோவுக்குக் கீழே வந்தால் நீங்கள் "அல்ட்ராலைட்" சாதியில் சேர்ந்துவிடலாம். அதற்காகச் சமையலறைத் தராசில் காலுறையை நிறுக்கிறார்கள். சட்டையின் லேபிளைக் கத்தரிக்கிறார்கள். டூத் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுக்கிறார்கள். அதில் மிச்சமாவது பத்து கிராம்கூட இருக்காது. பாட்டிலிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாலே அந்த எடை முதுகிலிருந்து இறங்கிவிடும். வயிற்றில் ஏறிவிடும் என்பது வேறு விஷயம்.

இன்னொரு தந்திரமும் உண்டு. உடம்பில் இருப்பது பேஸ் வெயிட்டில் சேராது. எனவே கத்தி, விளக்கு, போன் எல்லாம் கால்சட்டைப் பைக்குள் போய்விடும். நாம் சிரிக்க வேண்டாம். பேரனைப் பார்க்க அமெரிக்கா போகும்போது பெட்டி 23 கிலோவைத் தாண்டியதும், ஊறுகாய் பாட்டிலைக் கைப்பைக்கு மாற்றி, இரண்டு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஏப்ரல் மாத வெயிலில் விமான நிலையத்துக்குப் போகிற பரம்பரை நாம்.

இந்தப் பாதையில் 250-க்கும் மேற்பட்ட தங்குகுடில்கள் இருக்கின்றன. சாயங்காலம் ஆனதும் அங்கே நடக்கும் கூத்தைச் சொல்லி நடையர்களே ஒருவரை ஒருவர் கேலி செய்துகொள்வார்கள். நாலு கிலோ பையோடு துள்ளி வந்தவர், பதினைந்து கிலோவோடு மூச்சிரைக்க வந்தவரிடம் மெதுவாக ஆரம்பிப்பார்: "அண்ணே, கொப்புளத்துக்குப் பிளாஸ்டர் இருக்குமா? கொஞ்சம் டேப்? அந்த அடுப்பு அணைவதற்குள் ஒரு டம்ளர் வெந்நீர்?" இவர் பையில் குறைந்த எடை எங்கே போயிற்று என்று இப்போது புரிகிறதா? அவர் முதுகுக்குப் போயிற்று!

இவர்களையெல்லாம் மிஞ்சிய ஒரு பாட்டி இருந்தார். எம்மா கேட்வுட், ஒஹாயோ மாநிலத்துக்காரர், பதினோரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். 1955-இல், 67 வயதில், இந்தப் பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். காலில் சாதாரணக் கேன்வாஸ் ஷூ. தோளில் தானே தைத்த துணி மூட்டை. கூடாரம் கிடையாது, மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை. பிள்ளைகளிடம் நடக்கப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். எத்தனை நாள் என்று சொல்லவில்லை. சுமார் ஐந்து மாதம் ஆயிற்று!

அவர் எதையும் கிராம் கணக்கில் நிறுத்துப் பார்த்தவர் இல்லை. இருட்டினால் வழியில் தென்பட்ட வீட்டுக் கதவைத் தட்டுவார். முன்பின் தெரியாதவர்கள் சோறு போட்டார்கள், திண்ணையில் இடம் கொடுத்தார்கள். அவருடைய மூட்டை இலேசாக இருந்ததற்கு அந்த வீடுகளும் ஒரு காரணம்.

ஆனால் எல்லாவற்றையும் அடுத்தவர் தலையில் கட்டிவிட முடியாது. அதே பாதை நியூ ஹாம்ப்ஷயரில் மவுண்ட் வாஷிங்டன் உச்சி வழியாகப் போகிறது. 1934-இல் அங்கே மணிக்கு 372 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவானது. கோடையிலும் குளிரும் மழையும் சேர்ந்து ஆளையே சாய்த்துவிடும் இடம். அங்கே பிரஷ் பாதியா முழுசா என்று காற்று கேட்காது. மழைச்சட்டை இருக்கிறதா என்று கேட்கும். அதை வீட்டில் வைத்துவிட்டு வந்தவரைத் தேடி மலையேற வேண்டியது மீட்புக் குழு, தன் முதுகில் அவருடைய சுமையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு.

இதை எதற்கு இங்கே சொல்கிறேன்? நம்முடைய வீட்டுப் பரண்களும் அந்தப் புதுநடையரின் பை மாதிரிதான். எப்போதாவது உதவும் என்று வைத்த ஏணி, டிரில் மிஷின், வீட்டுக்கு வீடு ஒரு பெரிய அண்டா. ஒரு பிளாக்குக்கு ஒரு ஏணி போதாதா? போதும், இரண்டு விதிகளுக்கு உட்பட்டு. வாங்கியவர் அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். கொடுக்க எதுவும் இல்லாதவர், ஏறுகிறவருக்கு ஏணியையாவது பிடித்துக்கொள்ள வேண்டும்.

மருந்துப் பெட்டியும் டார்ச்சும் மட்டும் அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும். நடுராத்திரியில் மின்சாரம் போனால் பக்கத்து வீட்டுக் கதவைத் தேடுவதற்கே டார்ச் வேண்டும்.

நாளைக் காலை ஐந்தே முக்காலுக்குச் சந்திப்போம். டூத் பிரஷ்ஷை முழுசாகவே வைத்துக்கொள்ளுங்கள்.