பெயரும் பொறுப்பும்: வீட்டிற்கேற்ற வெந்நீர்ச் சாதனம்

தமிழ்நாட்டுச் சமவெளிகளிலிருந்து மைசூருக்குக் குடிவரும் நம்மவர்க்கு இவ்வூர் முதலில் அறிமுகப்படுத்துவது அதன் காலைக் குளிரைத்தான். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம் இது. மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் வெப்பநிலை 15, 16 டிகிரி வரை இறங்கிவிடும். சென்னையிலும் மதுரையிலும் வெந்நீர் என்பது முதியோர்க்கும் பிணியாளர்க்கும் குழந்தைகளுக்கும் உரியதாக இருக்கலாம். இங்கோ அது வீட்டார் அனைவர்க்கும் அன்றாடத் தேவையாகி விடுகிறது.

இவ்வூரார் இதனை நெடுங்காலமாக அறிந்தவர்கள். பழைய மைசூர் வீடுகளில் குளியலறையை ஒட்டி, அடுப்போடு சேர்த்துப் பதித்த பெரிய செப்புப் பாத்திரம் ஒன்று இருக்கும். கன்னடத்தில் அதற்கு 'ஹண்டே' என்று பெயர். நம் வீட்டு வெந்நீர் அண்டாவின் உடன்பிறப்பு என்றே அதனைச் சொல்லலாம். நரக சதுர்த்தசிக்கு முந்தைய மாலையில் அதனைத் துலக்கி அலங்கரித்துப் புதுநீர் நிரப்புவதை 'நீரு தும்புவ ஹப்ப', அதாவது நீர் நிரப்பும் விழா, என்று கன்னட மக்கள் கொண்டாடுகின்றனர். மறுநாள் விடியலில் அந்நீரே எண்ணெய் நீராட்டுக்கு உதவுகிறது. நாம் கங்கா ஸ்நானம் என்று போற்றுவதும் அதனையே அன்றோ?

அந்த ஹண்டேயில் மறைவு என்று ஒன்றும் இல்லை. நெருப்பு கண்ணுக்குத் தெரியும். பாத்திரம் கசிந்தால் அடுப்பு அணைந்து காட்டிக் கொடுத்துவிடும். இன்று நம் சுவரில் தொங்கும் கீசர் அத்தகையதன்று. அது வெள்ளை உறையிட்ட மூடிய பெட்டி. உள்ளே தொட்டி எந்த உலோகத்தால் ஆயது, எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை நாம் காண இயலாது. காண இயலாத இடத்தில் பெயரை நம்புகிறோம். ஆகவேதான், கடைக்குள் நுழைந்தவுடன், "எந்தக் கம்பெனி கீசர் நல்லது?" என்று கேட்கிறோம்.

கேள்வி நியாயமானதே. ஆனால் அது முதற் கேள்வியன்று. அதற்கு முன்னே மூன்று கேள்விகள் நிற்கின்றன: நமக்கு எவ்வளவு நீர் வேண்டும்? நம் வீட்டு நீர் எத்தகையது? எவ்வகைச் சாதனம் நம் வீட்டிற்குப் பொருந்தும்? இவற்றிற்கு விடை கண்டபின் பெயரை ஆராய்வதே முறை.

முதலில் அளவு. குழாய் நீர் 20 டிகிரி வெப்பத்தில் இருக்கிறது என்று கொள்வோம். குளிப்பதற்கு இதமான வெப்பம் ஏறத்தாழ 40 டிகிரி. 15 லிட்டர் வாளி ஒன்றை அந்த அளவிற்குச் சூடாக்க ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்று மிகுதியாகச் செலவாகும். நால்வர் உள்ள குடும்பத்தில் ஆளுக்கு ஒரு வாளி என்றால் நாளொன்றுக்கு 1.4 யூனிட், மாதத்திற்கு 42 யூனிட். தொட்டியின் வழியே வீணாகும் வெப்பம் இதற்கு மேற்பட்டது.

25 லிட்டர்க் கீசரில் நீரை 60 டிகிரிக்குச் சூடாக்கித் தண்ணீர் கலந்தால், 40 டிகிரி வெந்நீர் ஏறத்தாழ 50 லிட்டர் கிடைக்கும். அஃதாவது மூன்று வாளிக்குச் சற்று மேல். 2 கிலோவாட் திறனுள்ள கருவிக்கு இதனைச் சூடாக்க 35 நிமிடம் பிடிக்கும். இருவர் மட்டும் உள்ள வீட்டிற்கு 15 லிட்டர் போதும். நால்வர்க்கு 25 லிட்டர், இடையே சிறிது பொழுது விட்டுக் குளித்தால், போதுமானது. 'பெரியதாக இருக்கட்டும்' என்று தேவைக்கு மேல் வாங்கினால், பயன்படாத நீரை நாள்தோறும் சூடாக்கிக் குளிரவிடுவதே மிச்சம்.

இரண்டாவது, நீரின் தன்மை. இதனைத்தான் நம்மவர் பெரும்பாலும் கேட்க மறந்துவிடுகின்றனர். மைசூர் நகரின் குழாய்களில் வருவது காவிரி நீரும் கபினி நீரும். புறநகர்க் குடியிருப்புகள் பலவற்றிலோ ஆழ்துளைக் கிணற்று நீரையும் நம்ப வேண்டியிருக்கிறது. அந்நீரில் சுண்ணமும் மக்னீசியமும் மிகுந்திருப்பதுண்டு. சோப்பு எளிதில் நுரைக்காவிடினும், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெண்மையாகப் படிந்தாலும் அது கடின நீர் என்று அறியலாம். குடிநீருக்கான இந்தியத் தர அளவின்படி, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காவிடத்து 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். நம் வீட்டு நீர் எந்த எண்ணில் நிற்கிறது என்பதை ஒருமுறை சோதித்து அறிதல் நன்று.

ஏனெனில், கடின நீர் சூடாகும்போது சுண்ணம் பிரிந்து சூடேற்றும் கம்பியின்மேல் ஓடுபோல் படிகிறது. கம்பி தன் வெப்பத்தை நீருக்குக் கொடுக்க இயலாமல் தானே வெந்து போகிறது. 60 டிகிரிக்கு மேல் ஏற்றுந்தோறும் இப்படிவு விரைகிறது. தொட்டியையும் நீர் அரிக்கும். அதனைத் தடுக்கவே, உட்புறம் கண்ணாடிப் பூச்சிட்ட தொட்டிகளில் மக்னீசியத் தண்டு ஒன்றைப் பொருத்துகின்றனர். இரும்பை அரிக்க வரும் நீருக்கு அத்தண்டு தன்னை இரையாகக் கொடுத்துத் தொட்டியைக் காக்கிறது. அது தேய்ந்து முடிந்தபின் அடுத்த இரை தொட்டியே. ஆண்டுக்கு ஒருமுறை தண்டைக் கழற்றிப் பார்த்து, தேய்ந்திருப்பின் மாற்றும் வீட்டில் சாதாரணக் கீசரும் நெடுநாள் உழைக்கும். மாற்றாத வீட்டில் உயர்ந்த பெயருடையதும் விரைவில் ஒழுகும். "பாத்திரமறிந்து பிச்சையிடு" என்பது பழமொழி. நீரறிந்து பாத்திரம் வாங்கு என்பது இங்கே நாம் கொள்ள வேண்டிய மொழி.

மூன்றாவது, சாதனத்தின் வகை. நீரைத் தேக்கிச் சூடாக்கும் கீசரைப் பற்றியே இதுவரை பேசினோம். உடனடியாகச் சூடாக்கும் சிறு கீசர் விலை குறைந்தது. ஆனால் 3 கிலோவாட் கருவி, நிமிடத்திற்கு 3 லிட்டர் வீதம் ஓடும் நீரைச் சுமார் 14 டிகிரியே உயர்த்தும். சமையலறையில் பாத்திரம் கழுவ அது ஏற்றது. மைசூரின் குளிர்காலக் காலையில் தலைமுழுக அது போதாது.

காஸ் கீசர் விரைவாகச் சூடாக்கும், செலவும் குறைவு. அதன் ஆபத்தை மட்டும் நாம் அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். போதிய காற்றின்றி எரிவாயு எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. சமையல் எரிவாயு கசிந்தால் நாற்றம் காட்டிக் கொடுக்கும்; இதுவோ மயக்கத்தைத் தந்த பிறகும் தன்னைக் காட்டாது. 2025 அக்டோபரில் இதே மைசூர் மாவட்டத்துப் பிரியாபட்டணத்தில் இளம் சகோதரியர் இருவர் குளியலறையில் உயிரிழந்தனர். காஸ் கீசரிலிருந்து வெளிப்பட்ட வாயுவே காரணம் எனச் செய்திகள் கூறின. மூடிய குளியலறைக்குள் காஸ் கீசரை எக்காரணத்தாலும் அமைக்கலாகாது. அமைப்பதானால் குளியலறைக்கு வெளியே, காற்று தாராளமாக ஓடும் இடத்தில், புகைபோக்கியுடன் அமைக்க வேண்டும். அதற்கு இடமில்லாத வீட்டிற்கு எந்தப் பெயர் பொறித்த காஸ் கீசரும் ஏற்றதன்று.

சொந்த வீடு உடையோர்க்குச் சூரிய வெப்பச் சாதனம் சிறந்த துணை. கர்நாடக அரசு 2007ஆம் ஆண்டிலேயே நகரங்களில் குறிப்பிட்ட அளவிற்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு இதனைக் கட்டாயமாக்கி ஆணையிட்டது. நாளொன்றுக்கு 100 லிட்டர் தரும் அமைப்பிற்கு மாடியில் ஏறத்தாழ 2 சதுர மீட்டர்ப் பரப்புள்ள வெப்ப ஏற்பி, தெற்கு நோக்கி, நிழல் விழாத இடத்தில் அமைய வேண்டும். ஆற்று நீர் வரும் வீட்டிற்குச் செப்புக் குழாய் பதித்த தட்டை ஏற்பி பொருந்தும். கடின நீரில் அக்குறுகிய குழாய்கள் அடைபடும். அங்கே கண்ணாடிக் குழாய் ஏற்பியை நாடலாம். மழைக்கால மேகத்தை முன்னிட்டு மின் துணைக்கம்பி ஒன்றும் இருத்தல் நலம். வாடகை வீட்டில் குடியிருப்போர்க்கு, வீடு மாறும்போது கழற்றிச் செல்லத்தக்க மின்சாரக் கீசரே உகந்தது.

இனிப் பெயருக்கு வருவோம். தூத்துக்குடியிலிருந்து வரும் வீனஸ் நம் தமிழ்நாட்டிற்குரியது. பூனா நகரை ஒட்டி வளர்ந்த ரகோல்ட் இன்று இத்தாலிய அரிஸ்டன் குழுமத்தைச் சேர்ந்தது. 1977இல் கொச்சியில் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் செய்யத் தொடங்கியது வி-கார்டு. 1874இல் அமெரிக்காவில் தோன்றிய ஏ.ஓ. ஸ்மித், பெங்களூருக்கு அண்மையில் உள்ள ஹாரோஹள்ளியில் 2010இல் தொழிற்சாலை திறந்தது. இவை போன்றே வேறு பெயர்களும் உள. இவற்றுள் இதுவே மேல் என்று ஒன்றைச் சுட்டுவது நம் நோக்கமன்று. பெயர் நிலைத்திருக்கையிலேயே உடைமையாளர் மாறலாம் என்பதனையும், பெயர் ஒருவருடையதாகவும் செய்தவர் வேறொருவராகவும் இருக்கலாம் என்பதனையும் நாம் உணர வேண்டும். பிற தொழிற்சாலையில் செய்வித்துத் தம் பெயரிட்டு விற்கும் வழக்கம் இத்துறையில் உண்டு. அது குற்றமன்று, ஆனால் வாங்குவோர் அறிந்திருக்க வேண்டியது.

அதனை அறியும் வழியும் இருக்கிறது. 1947இல் தோன்றிய இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ்.ஐ. முத்திரையை நாம் அனைவரும் அறிவோம். அதன் பணியை இன்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் நடத்துகிறது. மின்சாரக் கீசருக்கு இம்முத்திரை சட்டப்படி கட்டாயம். முத்திரையின் மேலே தர எண் இருக்கும்: தேக்கிச் சூடாக்கும் கீசருக்கு 2082, உடனடிக் கீசருக்கு 8978, வாளியில் இடும் சூடேற்றும் கம்பிக்கு 368. முத்திரையின் கீழே உரிம எண் இருக்கும். அந்த உரிமம் பெயருக்கு வழங்கப்படுவதன்று. குறிப்பிட்ட தொழிற்சாலைக்கு வழங்கப்படுவது. 'பி.ஐ.எஸ். கேர்' என்னும் கைப்பேசிச் செயலியில் அவ்வெண்ணை இட்டால், செய்தவர் யார், எவ்விடத்தார், உரிமம் நடப்பில் உள்ளதா என்பவை கடையில் நின்றபடியே தெரிந்துவிடும். மூடிய பெட்டிக்குள் நாம் எட்டிப்பார்க்கக் கிடைத்த சாளரம் இது.

நட்சத்திரக் குறியீட்டையும் காண வேண்டும். நீரைப் பயன்படுத்தாமல் வைத்திருக்கும்போது ஒரு நாளில் எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பதை அது காட்டுகிறது. நட்சத்திரம் மிகுந்தால் இழப்புக் குறைவு. அளவுகோல் காலந்தோறும் மாறுவதால், அட்டையில் உள்ள ஆண்டையும் பார்த்தல் தகும். உத்தரவாதத்தைப் படிக்கும்போது, தொட்டிக்கு எத்தனை ஆண்டு, சூடேற்றும் கம்பிக்கு எத்தனை ஆண்டு, முழுச் சாதனத்திற்கு எத்தனை ஆண்டு என்று தனித்தனியே கேட்டறிய வேண்டும். பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் தொட்டியின் காலம். கடின நீருக்கு உத்தரவாதம் செல்லுமா என்பது சிறிய எழுத்தில் இருக்கும்.

இறுதியாக, நம்பகத்தை அளக்கும் எளிய சோதனை ஒன்று உண்டு. வாங்கிய பின் பழுதுக்கு அழைப்பது யாவரும் செய்வது. வாங்குமுன்னரே அந்த எண்ணை அழைத்துப் பாருங்கள். நம் குடியிருப்புக்கு அண்மையில் பழுது பார்ப்போர் உளரா, இந்த மாதிரிக்குரிய மக்னீசியத் தண்டும் கம்பியும் இவ்வூரில் கிடைக்குமா, விலை என்ன, ஊர் மாறிச் சென்றால் உத்தரவாதம் தொடருமா என்று கேளுங்கள். ஊரும் மொழியும் புதியவராகிய நமக்கு இது இரட்டிப்புத் தேவை. தெளிவான விடை தரும் நிறுவனமே நம் வீட்டிற்கு உரிய பெயருடையது. தெருவில் ஐந்தாறு ஆண்டாக ஒரே கீசரை ஆளும் கன்னட அண்டை வீட்டாரையும் கேளுங்கள். அதே நீரை அதே சாதனத்தில் சூடாக்கியவர் சொல்லினும் சிறந்த சான்று வேறில்லை.

நல்ல சாதனமும் பொருத்துவதில் பிழைத்தால் பகையாகும். 16 ஆம்பியர் இணைப்பு, முறையான எர்த், 30 மில்லிஆம்பியர் மின்கசிவைக் கண்டு உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி ஆகிய மூன்றும் இன்றிக் கீசரை இயக்கலாகாது. மிகு அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு எப்போதாவது துளித்துளியாய்ச் சொட்டுவது அதன் இயல்பு. சொட்டுகிறதே என்று அடைத்துவிடுவது அடுப்பின்மேல் மூடியை ஆணியடிப்பதற்கு ஒப்பாகும். வாளியில் முதலில் தண்ணீரும் பின்னரே வெந்நீரும் விடும் வழக்கத்தைச் சிறுவர்க்கும் பழக்க வேண்டும். 60 டிகிரி நீர் சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும்.

தண்டு மாற்றிய நாளை உத்தரவாத அட்டையின் பின்புறத்தில் குறித்து வையுங்கள். நல்ல பெயரைத் தேர்ந்தெடுப்பது ஒரு நாளைப் பணி. அப்பெயரைக் காப்பாற்றுவது ஆண்டுதோறும் நாம் செய்ய வேண்டிய பணி. செய்தவர் பொறுப்பும் வாங்கியவர் பொறுப்பும் கூடுமிடத்தில்தான், மைசூரின் குளிர்காலை நமக்கு இனிய காலையாக விடியும்.