நடுங்கும் கையும் அரசு மருத்துவமனையும்



கையெழுத்தைக் கொண்டு ஒரு நோயைக் கண்டுகொள்ள இயலுமா? இயலும். வரியின் தொடக்கத்தில் எழுத்து இயல்பான அளவில் இருக்கும். போகப் போகச் சிறுத்து, வரியின் முடிவில் எறும்பு ஊர்வது போல் ஆகிவிடும். எழுதுபவர் முயன்று பெரிதாக்கினாலும் அது நீடிப்பது அரிது. கை ஓய்ந்திருக்கும்போது பெருவிரலும் சுட்டுவிரலும் மணி ஒன்றை உருட்டுவன போல் நடுங்கும். நடை குறுகும், முகம் அசைவற்றுப் போகும், சட்டைப் பொத்தானை மாட்டுவதே பெரும்பாடாகும். இதனை நடுக்குவாதம் என்பது நம் வழக்கு. இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ஆம் ஆண்டில் இதைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். பின்னர் அவர் பெயராலேயே உலகம் இந்நோயை அழைக்கலாயிற்று. 2019-ஆம் ஆண்டில் 85 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இந்நோய் உடையராய் இருந்தனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

‘வயது முதிர்ந்தால் கை நடுங்காதா?’ என்று கூறி வீட்டார் வாளா இருந்துவிடுகின்றனர். மருத்துவம் எட்டாமற் போவது பல இல்லங்களில் இந்த இடத்திலேதான் தொடங்குகிறது. நடுக்குவாதம் ஐம்பது வயதுக்கு முன்னும் வரும். எழுதும்போதும் குவளையைத் தூக்கும்போதும் மட்டும் தோன்றும் வேறொரு நடுக்கமும், தசைகள் தாமே முறுக்கிக்கொள்ளும் நோயும் உண்டு. இவற்றை வேறு பிரித்து அறிவது மருத்துவர் பணி.

நடுக்குவாதம் ஏன் வருகிறது? மூளையின் அடிப்பகுதியில் கருநிறமுடைய சிறு பகுதி ஒன்று உளது. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமின் என்னும் பொருளை ஆக்கித் தருகின்றன. அவ்வணுக்கள் மெல்ல மெல்ல அழிய, உடல் அசைவை ஒழுங்கு செய்யும் நரம்புச் சுற்று நிலைகுலைகிறது. டோபமினை உட்கொண்டால் அது மூளைக்குள் புகுவதில்லை. அதன் முன்னோடியான லெவோடோபா புகும். 1960-களில் அது மருந்தாக வந்தபோது, கட்டிலை விட்டு எழாதவர்கள் எழுந்து நடந்தனர். இப்பொருள் நம் வேலிகளில் படரும் பூனைக்காலியின் விதையிலும் உண்டு. அதனை அவ்விதையிலிருந்து பிரித்தெடுத்து 1937-இல் கட்டுரை வெளியிட்டவர்கள் சென்னையில் ஆராய்ந்த தாமோதரன், இராமசாமி என்னும் இருவர். அதற்காக அவ்விதையை அரைத்துத் தாத்தாவுக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு விதையிலும் மருந்தின் அளவு வேறுபடும்.

மருந்துக்கும் ஓர் எல்லை உண்டு. சில ஆண்டுகள் சென்றபின் ஒரு வேளை மாத்திரை தரும் பயன் குறுகிக்கொண்டே வரும். மாத்திரை வேலை செய்யும் பொழுதிலோ உடல் தானே நெளியத் தொடங்கும். இத்தகையோரிற் சிலருக்குத்தான் மூளையில் செய்யும் அறுவைச் சிகிச்சை பயன்படுகிறது.

அவ்வறுவையின் முறையைக் கேளுங்கள். நிலப்படத்தில் ஓர் ஊரைக் காண நெடுங்கோடும் அகலக்கோடும் போதும். மூளையினுள் ஓரிடத்தைக் காண ஆழம் என்னும் மூன்றாவது அளவும் வேண்டும். நோயாளியின் தலையில் உலோக வளையம் ஒன்றைப் பொருத்தி, அதனை அடிப்படையாகக் கொண்டு இம்மூன்று அளவுகளையும் கணிப்பர். பிறகு மண்டையோட்டில் சிறு துளையிட்டு, மெல்லிய ஊசியை அவ்விடத்திற்குச் செலுத்துவர். மனிதர்க்கு இம்முறை 1947-இல் அமெரிக்காவில் முதன்முதல் கையாளப்பட்டது. அக்காலத்தில் ஊசிமுனையால் தாலமஸ் என்னும் பகுதியில் ஒரு சிறு புள்ளியைச் சுட்டு அழிப்பர், நடுக்கம் நிற்கும்.

நம் நாடு இதில் பின்தங்கி நிற்கவில்லை. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1950-ஆம் ஆண்டில் டாக்டர் பா. இராமமூர்த்தி நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். டாக்டர் பாலசுப்பிரமணியம், டாக்டர் கல்யாணராமன், ஆசியாவின் முதற்பெண் நரம்பியல் அறுவை மருத்துவர்களுள் ஒருவரான டாக்டர் த. ச. கனகா ஆகியோர் அவருடன் இவ்வகை அறுவையைச் செய்து, அதன் பயனை உலக மருத்துவ ஏடுகளில் எழுதினர். மூளையைப் படம் பிடிக்கும் இன்றைய கருவிகள் அன்று இல்லை. மூளையின் உள்ளறைகளில் காற்றையோ மருந்தையோ செலுத்தி, எக்ஸ்-ரே படம் எடுத்து, அதன்மேல் அளவுகோல் வைத்துக் கணக்கிட்டனர். கட்டணம் செலுத்த இயலாத ஏழைகள் வரும் மருத்துவமனையில், உலகின் புதிய அறுவை நிகழ்ந்தது என்பதை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். இஃது எவ்வாறு கூடிற்று? அவ்வறுவைக்கு வேண்டியவை திறமை, பொறுமை, பலமுறை பயன்படும் ஒரு வளையம், ஓர் ஊசி. நோயாளியின் உடலில் விலையுள்ள பொருள் எதுவும் தங்கவில்லை.

1987-இல் பிரான்சு நாட்டுக் கிரெனோபிள் நகரில் நிலைமை மாறத் தொடங்கிற்று. சுடுவதற்கு முன், இடம் சரிதானா என்று அறிய மின்னோட்டம் செலுத்திப் பார்ப்பது வழக்கம். டாக்டர் பெனாபித் அவ்வாறு செய்கையில், நொடிக்கு நூறு துடிப்பு அளவில் மின்னோட்டம் சென்றபோது நடுக்கம் நின்றது; நிறுத்தியதும் திரும்ப வந்தது. எனில் சுடுவானேன்? மின்கம்பியை அங்கேயே விட்டுவிட்டு, மார்பின் தோலுக்கடியில் மின்கலம் ஒன்றைப் பதித்து, இரண்டையும் கழுத்து வழியே இணைத்தார். பின்னர், சிறு அவரைக்கொட்டை அளவான வேறொரு மூளைப் பகுதியில் கம்பியை வைத்தபோது, நடுக்கத்தோடு விறைப்பும் மந்தமும் குறையக் கண்டனர். இது நோயைத் தீர்ப்பதன்று. நோயின் துன்பத்தைக் குறைப்பது. நூற்றில் ஒருவர் இருவர்க்கு மூளையில் குருதிக்கசிவு நேரும் அபாயமும் உண்டு.

இங்கேதான் நம் கேள்வி எழுகிறது. இக்கருவியின் விலை பல இலட்சம் ரூபாய். நடுவண் அரசு 2018-இல் தொடங்கிய காப்புறுதித் திட்டம் குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை தருகிறது. மூளையின் இருபுறமும் கம்பி வைக்கும் கருவியின் விலையே பெரும்பாலும் அவ்வரம்பைத் தாண்டிவிடும். தில்லி, பெங்களூரு, திருவனந்தபுரம் ஆகிய ஊர்களில் நடுவண் அரசின் பெரிய நிறுவனங்கள் இவ்வறுவையைச் செய்கின்றன. ஆயினும் கருவியின் விலை அங்கும் குறுக்கே நிற்கிறது.

அப்படியாயின் செல்வர்க்குக் கருவி, ஏழைக்குப் பழைய சுடுமுறை என்று பிரித்துவிடலாமா? சிலர் அவ்வாறு சொல்கின்றனர். சிலர் அதனைக் கேட்டதும் சினம் கொள்கின்றனர். என் கருத்து இரண்டுமன்று. ஒரு கையில் மட்டும் கடும் நடுக்கம் உள்ளவர்க்குச் சுடுமுறை நல்ல மருத்துவமே. அதைத் தாழ்ந்ததென்று ஒதுக்கி, அத்திறமையை இளம் மருத்துவர்க்குக் கற்பியாது விடுவது அறிவுடைமையன்று. ஆனால் இருபுறமும் சுட்டால் பேச்சுக் குழறும், விழுங்குதல் கெடும் என்ற அச்சம் மிகுதி. அங்கே கருவி வேண்டும்; அவர் ஏழையாயினும் வேண்டும். நோயின் தன்மை முறையைத் தீர்மானிக்கலாம். பணப்பை தீர்மானித்தல் ஆகாது.

கருவி கிடைத்துவிட்டது என்று கொள்வோம். அத்துடன் முடிந்ததா? ஒரு கணக்குப் போடுங்கள். சாதாரண மின்கலம் மூன்று முதல் ஐந்து ஆண்டு உழைக்கும். நான்கு ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். 55 வயதில் அறுவை செய்துகொண்டவர் 75 வயது வரை வாழ்ந்தால் எத்தனை முறை மாற்ற வேண்டும்? நான்கு முறை. ஒவ்வொரு முறையும் சிறு அறுவை. ஒவ்வொரு முறையும் பெருஞ்செலவு. மின்கலம் ஓய்ந்த அன்றே விறைப்பும் நடுக்கமும் மீளத் தொடங்கும். சிலர்க்கு முன்னிலும் கடுமையாய்த் தோன்றும். வெளியிலிருந்து மின்னேற்றம் செய்துகொள்ளும் மின்கலம் பதினைந்து ஆண்டு வரை உழைக்கும். அதற்கு முதற்செலவு மிகுதி. தானம் தருவோர் முதற்கருவிக்கு மனமுவந்து தருகின்றனர். இரண்டாம் மின்கலத்திற்குத் தருவோரைக் காண்பது அரிது. அரசு இச்சிகிச்சையை ஏற்பதாயின் இருபது ஆண்டுக்கும் சேர்த்தே ஏற்க வேண்டும். கருவிகளை மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும்.

மற்றொன்று, மின்னளவைத் திருத்துதல். அறுவைக்குப் பின் எந்த முனையில், எவ்வளவு மின்னோட்டம், எத்தனை துடிப்பு என்று பல மாதங்கள் பார்த்துப் பார்த்து அமைக்க வேண்டும். மாத்திரையின் அளவையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். பரமக்குடியில் ஒரு நெசவாளர் இருக்கிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அறுவையைச் சென்னையில் செய்துகொண்டார். அளவைத் திருத்தவும் சென்னைக்கே வரவேண்டும். ஓர் இரவு இரயிற்பயணம். தனித்து வர முடியாமையால் துணைக்கு மகன். இருவர்க்கும் இரண்டு மூன்று நாட் கூலி இழப்பு. முதலாண்டில் ஐந்தாறு முறை இவ்வாறு வருவதென்றால், மூன்றாம் முறையோடு நின்றுவிடுவார். மூளையில் கம்பி இருக்கும். பயன் முழுதும் கிட்டியிராது.

இத்திருத்தத்திற்கு அறுவைக்கூடம் வேண்டுவதில்லை. கையில் அடங்கும் கருவி ஒன்றும், பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவரும் போதும். சில புதிய கருவிகளில் தொலைவிலிருந்தே அளவை மாற்றும் வசதியும் வந்துள்ளது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் நரம்பியல் துறை இருக்கிறது. அங்கே வாரத்தில் ஒரு நாள் இப்பணிக்கென்று ஒதுக்கினால், பரமக்குடி நெசவாளர் காலைப் பேருந்தில் சென்று மாலையில் தம் தறிக்குத் திரும்பிவிடலாம்.