இரண்டாம் படி



இன்று உங்களுடன் கால்பந்தாட்டத்தைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறேன். தலைமையாசிரியனாய் இருந்து ஓய்வு பெற்ற ஒருவன் பாடநூலை வைத்துவிட்டுப் பந்தைக் கையிலெடுத்ததேன் என்று நீங்கள் வியக்கலாம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் என்னிடம் கேட்ட வினாவே அதற்குக் காரணம். அன்று அவனுக்கு என்னால் விடை கூற இயலவில்லை.

என் ஊர் விழுப்புரத்தை அடுத்த கெடார். எங்கள் பக்கத்து ஏரிகள் வற்றிக் கிடக்கும் கோடை நாட்களில் பிள்ளைகள் ஏரிக்குள் இறங்கிப் பந்து விளையாடுவார்கள். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கற்களை நட்டுவிட்டால் அதுவே மைதானம். இப்படி விளையாடிப் பழகிய பிள்ளைகளே நான் தலைமையாசிரியனாய் இருந்த ஒரு பள்ளியிலும் மிகுதியாக இருந்தார்கள். அங்கே பந்தாட்டத்திற்கு இரண்டு அணிகள் வைத்திருந்தோம். வெளியூர்ப் போட்டிகளுக்குச் செல்வது முதல் அணி. அந்த அணி பயிற்சி பெறுவதற்காக அதை எதிர்த்து ஆடுவது இரண்டாம் அணி. ஆண்டுத் தொடக்கத்தில் எழுதும் பெயர்ப்பட்டியல் ஆண்டு முடிவு வரை மாறாது.

ஒரு நாள் இரண்டாம் அணி முதல் அணியை வென்றுவிட்டது. நான் மகிழ்ந்து அந்தப் பிள்ளைகளைப் பாராட்டினேன். அவர்களுள் ஒருவன், "நாங்கள் ஜெயித்ததால் எங்களுக்கு என்ன சார்?" என்று கேட்டான். அவன் குரலில் துடுக்கு இல்லை. அறிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணமே இருந்தது. "விளையாட்டில் வெற்றி தோல்வி பெரிதல்ல, தம்பி" என்று கூறி அனுப்பினேன். கொடுப்பதற்குக் கையில் ஒன்றும் இல்லாதவர்கள் சொல்லும் அறிவுரை அது என்பது அப்போது எனக்கே தெரியவில்லை.

அந்த வினாவை இங்கிலாந்து தேசத்தார் நூற்றாண்டுக்கு முன்பே எதிர்கொண்டார்கள். அங்கே 1888-ஆம் ஆண்டில் 12 கழகங்கள் ஒன்றுகூடிக் கால்பந்து லீக் என்னும் தொடர் போட்டியைத் தொடங்கின. ஒவ்வொரு கழகமும் மற்ற எல்லாக் கழகங்களோடும் தன் ஊரில் ஒரு முறையும் அவர்கள் ஊரில் ஒரு முறையும் ஆட வேண்டும். மேலும் பல கழகங்கள் இடம் கேட்கவே, 1892-இல் இரண்டாம் பிரிவு ஒன்று ஏற்பட்டது. கீழ்ப்பிரிவில் சிறந்து விளங்கியவர்கள் மேலே வருவது எவ்வாறு? இதற்காகச் சோதனை ஆட்டங்களை வைத்தார்கள். மேல் பிரிவின் கடைசியில் இருப்பவர்களும் கீழ்ப்பிரிவின் முதலில் இருப்பவர்களும் பருவ முடிவில் மோதிப் பார்க்க வேண்டும்.

1898-இல் இந்த முறைக்கு ஓர் இழுக்கு நேர்ந்தது. ஸ்டோக், பர்ன்லி என்னும் இரு கழகங்கள் இறுதிச் சோதனை ஆட்டத்தில் சந்தித்தன. ஆட்டம் சமமாக முடிந்தால் இருவருக்குமே மேல் பிரிவில் இடம் கிடைக்கும் என்ற நிலை. ஆகவே கோலை நோக்கிப் பந்தை உதைக்க எவருக்கும் மனம் வரவில்லை. ஒரு கோலும் இன்றி ஆட்டம் முடிந்தது. பார்க்க வந்தவர்கள் வெகுண்டார்கள். இதன்பின் சோதனை ஆட்டங்கள் கைவிடப்பட்டன. பருவம் முழுவதும் ஆடிப் பெற்ற புள்ளிகளைக் கொண்டே ஏறுவதும் இறங்குவதும் அமையும் என்று விதி செய்தார்கள். விதி சரியாக இல்லாவிடில் நல்ல ஆட்டக்காரனும் ஆட மறுப்பான் என்ற உண்மையை இந்த நிகழ்ச்சியிலிருந்து நாம் அறிகிறோம்.

அந்த இரண்டாம் பிரிவு இந்நாளில் சாம்பியன்ஷிப் என்று பெயர் பெற்றிருக்கிறது. 2024-25-ஆம் ஆண்டுப் பருவத்தை எடுத்துக்கொள்வோம். கழகங்கள் 24, ஒவ்வொன்றுக்கும் ஆட்டங்கள் 46. முதல் இரண்டு இடங்களைப் பெற்றவர்கள் நேரே மேல் பிரிவுக்குச் செல்வார்கள். மூன்று முதல் ஆறு வரை இடம் பெற்றவர்கள் தமக்குள் மோதி, அவர்களுள் ஒருவர் மேலே செல்வார். கடைசி மூவர் கீழே இறங்குவர். அந்த ஆண்டு ஷெஃபீல்டு யுனைடெட் 90 புள்ளிகளோடு மூன்றாம் இடத்திலும், சண்டர்லாந்து 76 புள்ளிகளோடு நான்காம் இடத்திலும் நின்றன. 2025 மே 24 அன்று லண்டன் வெம்பிளி மைதானத்தில் இவ்விரு கழகங்களும் இறுதியாட்டத்தில் சந்தித்தன. ஷெஃபீல்டு முதலில் ஒரு கோல் போட்டது. சண்டர்லாந்து அதைச் சமன் செய்தது. வீணான நேரத்திற்கு ஈடாக நடுவர் அளித்த நிமிடங்களில் சண்டர்லாந்து இரண்டாம் கோலையும் போட்டு வென்றது.

சண்டர்லாந்து எளிய கழகமன்று. முற்காலத்தில் 6 முறை இங்கிலாந்தின் முதற்பரிசை வென்ற பழம்பெருமை உடையது. அது 2017-இல் மேல் பிரிவிலிருந்து வீழ்ந்தது. அடுத்த ஆண்டே மூன்றாம் பிரிவுக்கும் இறங்கியது. அங்கே நான்கு பருவங்கள் ஆடி, 2022-இல் இரண்டாம் பிரிவுக்கு ஏறி, 2025-இல் மீண்டும் உச்சியை அடைந்தது. லூட்டன் என்னும் நகரத்துக் கழகத்தின் கதை இன்னும் வியப்பானது. 1992-இல் மேல் பிரிவிலிருந்து இறங்கிய அக்கழகம் 2009-இல் ஐந்தாம் படிக்கே சென்றுவிட்டது. அங்கிருந்து படிப்படியாக ஏறி 2023-இல் உச்சிக்கு வந்தது. 2024-இல் மறுபடியும் இறங்கியது. 2025-இல் மூன்றாம் பிரிவுக்கே போய்விட்டது. ஆனைக்கும் அடி சறுக்கும் அல்லவா? ஏணி இருந்ததனால் லூட்டன் விழுந்தது. அதே ஏணி இருந்ததனால்தான் அது முன்பு எழவும் முடிந்தது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். இந்தியாவில் 2007 முதல் ஐ-லீக் என்னும் தொடர் போட்டி நடந்து வந்தது. 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் என்னும் புதிய போட்டி தோன்றியது. செல்வமும் விளம்பரமும் தொலைக்காட்சியும் புதிய போட்டியின் பக்கம் சென்றன. ஏட்டளவில் ஐ-லீக் தாழ்ந்ததன்று. ஆனால் மக்களின் கண்ணில் அது இரண்டாம் படியாகிவிட்டது. இரண்டிற்கும் இடையே ஏணி எதுவும் இல்லை. ஒன்றில் வென்றவர் மற்றதற்கு ஏற இயலாது. மற்றதில் தோற்றவர் இறங்கவும் வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் இரண்டு போட்டிகளுக்கும் ஒவ்வோர் அணி இருந்தது. சூப்பர் லீக்கில் ஆடியது சென்னையின் எஃப்.சி. ஐ-லீக்கில் ஆடியது சென்னை சிட்டி எஃப்.சி. பெயர் ஒத்திருப்பதால் இவற்றை ஒன்றென மயங்கக் கூடாது. சென்னை சிட்டி 2017-18 பருவத்தில் 10 அணிகளுள் 8-ஆம் இடம் பெற்ற அணி. மறு ஆண்டு அது பெரிதாக ஏதும் செய்யும் என்று எதிர்பார்த்தவர்கள் மிகச் சிலரே.

2018-19 பருவம் தொடங்கியது. சென்னை சிட்டி தன் சொந்த ஊர் ஆட்டங்களைக் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில் ஆடியது. பயிற்றாளர் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ். பெத்ரோ மான்சி என்னும் முன்னணி வீரர் அந்தப் பருவத்தில் 21 கோல்கள் போட்டார். எட்வின் வன்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ முதலிய தமிழ்நாட்டு இளைஞர்களும் அணியில் இருந்தார்கள். 11 அணிகள், ஆளுக்கு 20 ஆட்டங்கள். கொல்கத்தாவின் புகழ்பெற்ற ஈஸ்ட் பெங்கால் அணி விடாது பின்தொடர்ந்து வந்தது. கடைசி நாள் வரை முதலிடம் யாருக்கு என்று முடிவாகவில்லை.

அந்த நாள் 2019 மார்ச் 9. கோவையில் சென்னை சிட்டியை எதிர்த்தது முந்தைய ஆண்டில் முதலிடம் பெற்ற மினர்வா பஞ்சாப். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் கேரளாவோடு ஆடிக்கொண்டிருந்தது. கோவையில் ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது. முதற்பாதி முழுவதும் சென்னை சிட்டி பின்தங்கியே நின்றது. இரண்டாம் பாதியில் கிடைத்த தண்ட உதையை மான்சி கோலாக்கினார். பின்னர் கௌரவ் போரா இரண்டு கோல்கள் போட்டார். இவர் கோல் போடுவதற்கென நிறுத்தப்பட்டவர் அல்லர், தடுப்பாட்டக்காரர். ஆட்டம் 3-1 என முடிந்தது. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் 2-1 என வென்றிருந்தது. ஆயினும் சென்னை சிட்டிக்கு 43 புள்ளிகள். ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளியில் பட்டம் தமிழ்நாட்டிற்கு வந்தது.

அதே பருவத்தில் சூப்பர் லீக்கில் நிகழ்ந்ததையும் கேளுங்கள். அங்கே சென்னையின் எஃப்.சி. 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள் பெற்று, 10 அணிகளுள் கடைசியாக வந்தது. ஒரே மாநிலத்தின் ஓர் அணி ஒரு போட்டியில் முதலிடம். மற்றோர் அணி மற்றொரு போட்டியில் கடைசி இடம். முதலில் வந்தவர் ஏறவும் இல்லை. கடைசியில் வந்தவர் இறங்கவும் இல்லை. சென்னையின் அணியைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அது முன்பு இருமுறை பட்டம் வென்ற அணி. மறு ஆண்டே இறுதியாட்டம் வரை சென்றது. ஏணி இல்லாத வீட்டின் நிலையைக் காட்டவே இதைக் கூறினேன்.

இரண்டாம் படியில் நிற்பவர்கள் உண்மையிலேயே திறமை குறைந்தவர்களா என்று கேட்பீர்கள். அதற்கும் விடை விரைவில் கிடைத்தது. 2019 ஏப்ரலில் புவனேசுவரத்தில் சூப்பர் கோப்பைப் போட்டி நடந்தது. இரு லீக் அணிகளும் அதில் ஒன்றாகக் கலந்து ஆடின. அங்கே சென்னை சிட்டி, சூப்பர் லீக்கில் அந்த ஆண்டின் பட்டத்தை வென்ற பெங்களூரு அணியை 2-1 என வீழ்த்தியது. அடுத்த சுற்றில் கோவா அணியிடம் தோற்றது உண்மையே. ஆனால் வாய்ப்பு அளித்தபோது சமமாக நிற்க முடியும் என்பதை அவர்கள் களத்தில் காட்டிவிட்டார்கள்.

பின்பு நடந்தது என்ன? 2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு சூப்பர் லீக்கையே இந்தியாவின் தலைமைப் போட்டியாக ஏற்றுக்கொண்டது. சென்னை சிட்டி அணி ஏற முடியவில்லை. அதன் ஆட்டக்காரர்கள் தனித்தனியே ஏறிச் சென்றார்கள். வன்ஸ்பால் சென்னையின் அணிக்கும், ரொமாரியோ கோவா அணிக்கும் சென்றார்கள். அவர்களைக் குறை சொல்ல இயலுமா? ஏணி இல்லாத இடத்தில் கயிற்றைப் பிடித்து ஏறுவது இயல்பே. ஆயினும் ஆட்கள் பிரிந்தபின் அணி எவ்வாறு நிற்கும்? 2020-21 பருவத்திற்குப் பிறகு சென்னை சிட்டி ஐ-லீக்கில் ஆடவில்லை.

2022-23 பருவத்தில் ஏணி வைக்கப்பட்டது. ஐ-லீக் முறைப்படி இரண்டாம் படியாயிற்று. அதில் முதலிடம் பெறுபவர் சூப்பர் லீக்குக்கு ஏறலாம் என்று விதி வந்தது. அந்த ஆண்டு வென்ற பஞ்சாப் அணி ஏறியது. அடுத்த ஆண்டு, 1891-இல் தோன்றிய கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் ஏறியது. 2024-25 பருவத்தில் புள்ளிக் கணக்கில் வழக்கு மூண்டது. அது சுவிட்சர்லாந்திலுள்ள விளையாட்டு நடுவர் மன்றம் வரை சென்று, 2025 ஜூலையில் இன்டர் காசி அணியே முதல்வர் என்று தீர்ப்பாயிற்று. மேலே செல்லும் வழி உண்டு என்பதனால்தான் ஒரு புள்ளிக்காகக் கடல் கடந்தும் வழக்காடினார்கள். சென்னை சிட்டி வென்ற ஆண்டில் அந்த வழி இல்லை. ஏணி வந்தபோது அந்த அணி களத்தில் இல்லை.

என் மாணவன் கேட்ட வினா பல நாட்கள் என் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. நெடுநாள் கழித்து உடற்கல்வி ஆசிரியரோடு கலந்து ஒரு முறையை வகுத்தேன். ஆறு வாரத்திற்கு ஒருமுறை, முதல் அணியில் பின்தங்கிய இருவர் இரண்டாம் அணிக்கு இறங்க வேண்டும். இரண்டாம் அணியில் சிறந்த இருவர் மேலே வர வேண்டும். முதல் பட்டியல் ஒட்டப்பட்ட அன்று இறங்க நேர்ந்த ஒரு சிறுவன் மூன்று நாள் மைதானத்தின் பக்கமே வரவில்லை. அவன் தந்தையார் என் அறைக்கு வந்து, "பையனை எல்லார் எதிரிலும் இறக்கிவிட்டீர்களே ஐயா" என்று வருந்தினார். "ஏறிவந்த கதவு திறந்தேதான் இருக்கிறது, ஆறு வாரம் பொறுங்கள்" என்றேன். நான்காம் நாள் அவன் வந்தான். அந்த ஆண்டு அவன் மீண்டும் முதல் அணிக்கு ஏறவில்லை. ஆயினும் ஒரு நாளும் பயிற்சிக்கு வரத் தவறியதில்லை.

என்னிடம் வினா எழுப்பிய மாணவனோ அதற்குள் பள்ளியிறுதி வகுப்பை முடித்துச் சென்றுவிட்டான். நான் அமைத்த ஏணி அவனுக்குப் பயன்படவில்லை. அந்தக் குறை எனக்கு இன்றும் உண்டு.

மாணவர்களே! உங்களிற் பலர் வாழ்க்கையில் ஏதேனும் ஒரு காலத்தில் இரண்டாம் படியில் நிற்பீர்கள். அப்போது கோவையில் பின்தங்கி நின்று வென்ற அந்த அணியை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசி நிமிடம் வரை ஆடுங்கள். உங்களிற் சிலர் பின்னாளில் பட்டியல் எழுதும் இடத்திலும், விதி செய்யும் இடத்திலும் அமர்வீர்கள். அப்போது கீழே நிற்பவன், "ஜெயித்தால் எங்களுக்கு என்ன?" என்று கேட்கும் முன்பே ஏணியை எடுத்து வையுங்கள். என்னைப் போல் காலம் தாழ்த்தாதீர்கள்.