முதியோர் பணிவிடையும் குழந்தைகளின் பல் வரிசையும்

(பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களைச் சேர்ந்த ஊராட்சிப் பணியினரும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், கழிவுநீர்க் கால்வாய் ஆகியவற்றைப் பற்றி நாம் பல முறை கூடிப் பேசியிருக்கிறோம். இன்று வீட்டிற்குள் நடைபெற வேண்டிய இரு காரியங்களைப் பற்றிப் பேச விரும்புகிறோம். ஒன்று, படுக்கையில் கிடக்கும் முதியோருக்குச் செய்யும் பணிவிடை. மற்றொன்று, வளரும் குழந்தைகளின் பல் வரிசையைச் சீராகக் காப்பது. இவ்விரண்டிற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நாங்கள் கண்ட ஒரு வீடே அதற்கு விடை.

மக்காச்சோள அறுவடைக் காலத்தில் ஒரு நாள், வீடு கட்டும் திட்டப் பணியைப் பார்வையிட எங்கள் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றிற்குச் சென்றோம். ஒரு வீட்டில், பக்கவாதத்தால் படுத்துவிட்ட முதியவர் ஒருவரும் அவருடைய ஏழு வயதுப் பேத்தியும் மட்டுமே இருந்தனர். மகனும் மருமகளும் விடியுமுன்னரே கொல்லைக்குப் போய்விட்டனர். தாத்தாவுக்குக் கஞ்சி ஊட்டுவது அச்சிறுமியின் பொறுப்பு. மல்லாந்து கிடந்தவரின் வாயில் அவள் கஞ்சியை ஊற்றினாள். அவர் புரையேறி இருமினார். அவர் நாவில் வெண்படலம் தடித்துக் காய்ந்திருந்தது. சிறுமியின் கன்னமோ வீங்கியிருந்தது.

மாலையில் திரும்பிய தாயிடம் வீக்கத்தைப் பற்றிக் கேட்டோம். "பால் பல்தானே ஐயா, விழுந்து முளைத்துவிடும்" என்றார். சொத்தையானது பால் பல் அன்று, போனால் மீண்டும் முளைக்காத கடைவாய்ப் பல் என்பதைப் பின்னர்ப் பல் மருத்துவர் சொல்ல அறிந்தோம். பதினைந்து நாட்களுக்குள் முதியவர் நுரையீரல் அழற்சியால் காலமானார்.

அவ்வீட்டார் அன்பில் குறைந்தவர் அல்லர். செய்ய வேண்டியதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லாததே குறை. எங்கள் பதிவேட்டில் அவ்வீட்டின் சுவருக்கும் கூரைக்கும் இடம் இருந்தது. உள்ளே படுத்திருந்தவருக்கு இடம் இல்லை. இக்குறையில் எங்களுக்கும் பங்குண்டு என்பதை மறைக்காமல் சொல்லுகிறோம்.

முதலில் முதியோரைப் பற்றிக் கூறுவோம். வாயைத் துலக்காவிடில் அங்கே கிருமிகள் பெருகுகின்றன. விழுங்கும் வலிமை குன்றியவர்களுக்கு எச்சிலும் உணவும் மூச்சுக்குழலில் இறங்கிவிடுகின்றன; அவற்றோடு கிருமிகளும் நுரையீரலைச் சென்றடைகின்றன. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் ஈராண்டுக் காலம் ஓர் ஆய்வு நடைபெற்று, அதன் முடிவு 2002இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்கு ஒவ்வோர் உணவுக்குப் பின்னும் பணியாளர்கள் பல் துலக்கிவிட்டனர். வாரம் ஒருமுறை பல் மருத்துவத் துறையினரும் வாயைத் தூய்மை செய்தனர். மற்றப் பிரிவினருக்கு இவ்வேற்பாடு இல்லை. நுரையீரல் அழற்சி கண்டவர்கள் முதற் பிரிவில் 100க்கு 11 பேர். மற்றதில் 19 பேர். விலையுயர்ந்த மருந்து எதுவும் இவ்வேறுபாட்டை உண்டாக்கவில்லை. பல் துலக்கும் தூரிகையும் ஒருவருடைய பொறுமையுமே பெரிதும் உதவின.

ஆகவே, உணவு ஊட்டும்போது முதியவரை முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்கார வையுங்கள். உண்ட பின்னரும் அரைமணி நேரம் அவ்வாறே இருக்கட்டும். சிறிது சிறிதாக ஊட்டுங்கள். ஒவ்வோர் உணவுக்குப் பின்னும் மென்மையான தூரிகையாலோ, நனைத்துப் பிழிந்த தூய துணியாலோ பல்லையும் ஈறையும் நாவையும் துடைத்துவிடுங்கள். பல் இல்லாதவருக்கும் இது வேண்டும். படுத்திருப்பவர் வாயில் நீரை ஊற்றிக் கொப்பளிக்கச் சொல்லாதீர்கள். கட்டுப்பல் அணிபவராயின், இரவில் அதைக் கழற்றிக் கழுவி நீரில் இட்டு வையுங்கள்.

படுக்கைப் புண்ணைப் பற்றியும் ஒரு சொல். 1962இல் இங்கிலாந்தில் டோரீன் நார்ட்டன் என்னும் செவிலியரும் அவருடன் உழைத்தோரும் முதியோர் பணிவிடை பற்றிய ஆய்வு ஒன்றை வெளியிட்டனர். தோலில் எதைப் பூசுகிறோம் என்பதைவிட, நோயாளியை அடிக்கடி புரட்டிப் படுக்க வைப்பதே புண்ணைத் தடுக்க உதவுகிறது என்று அது காட்டிற்று. இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைத்தல் நல்லது. கொல்லைக்குச் செல்லும் குடும்பத்தாரால் தனியே இது முடியாது. அண்டை வீட்டாரின் கைகளும் வேண்டும்.

இனிக் குழந்தைகளின் பற்களைப் பற்றிக் கூறுவோம். பால் பற்கள் 20. ஏறத்தாழ ஆறு வயதில், கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் நிலையான கடைவாய்ப் பல் ஒன்று முளைக்கிறது. அதற்காக எந்தப் பால் பல்லும் விழுவதில்லை. ஆதலால் பெற்றோர் அதனைப் பால் பல் என்றே எண்ணிவிடுகின்றனர். ஆயுள் முழுவதும் மெல்ல வேண்டிய பல் இவ்வாறு இளமையிலேயே அழிகிறது.

பால் பல்லையும் அலட்சியம் செய்தல் ஆகாது. பின்னால் வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பது அதுவே. சொத்தையால் முன்கூட்டியே அதனைப் பிடுங்க நேர்ந்தால், பக்கத்துப் பற்கள் அவ்விடத்தில் சாய்ந்துவிடும். புதுப் பல் இடமின்றிக் கோணலாக முளைக்கும். அந்நிலையில் இடம் குறையாதிருக்கப் பல் மருத்துவர் சிறு கம்பி வளையம் பொருத்துவது உண்டு. நிலையான முன்பற்கள் முளைத்த பின்னும் விரல் சூப்பும் குழந்தைக்கு மேற்பற்கள் முன்தள்ளும். அத்தகைய பற்கள் கீழே விழும்போது எளிதில் உடையும். ஆகவே ஏழு வயதில் ஒருமுறை பல் வரிசையைக் காட்டிவிட்டால், பின்னர் 'கிளிப்' போடும் நீண்ட சிகிச்சையைச் சிலருக்குத் தவிர்க்கலாம், சிலருக்கு எளிதாக்கலாம். பல் வரிசை அழகுக்கு மட்டும் உரியதன்று. மெல்லுவதற்கும் துலக்குவதற்கும் அதுவே துணை.

இதற்கு அரசின் ஏற்பாடுகள் உண்டு. 2021 ஆகஸ்டு 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுத்த படுக்கையானவர்களுக்கு வீட்டிலேயே நோய்த்தணிப்புப் பணிவிடையும் இயன்முறைச் சிகிச்சையும் அளிக்கின்றனர். 2013இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் குழந்தைகளைப் பரிசோதிக்கின்றனர். பல் நோயும் உதட்டுப் பிளவும் அவர்கள் பார்ப்பவற்றுள் அடங்கும். 2022 ஜனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது. பல் வரிசை சீரமைப்புக்குச் சிதம்பரம் அண்ணாமலை நகரிலும் புதுக்கோட்டையிலும் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிகளை நாடலாம்.

ஆனால் ஏற்பாடு இருப்பது வேறு. அது வீட்டு வாசலை அடைவது வேறு. பள்ளியில் மருத்துவர் எழுதித் தந்த சீட்டு வீட்டுக் கூரையில் செருகிக் கிடப்பதை நாம் பார்த்திருக்கிறோம். ஒரு நாள் கூலி போய்விடுமே என்பதுதான் காரணம். எனவே மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, ஊரில் படுக்கையில் கிடப்போர் எத்தனை பேர், அவர்களுள் எத்தனை பேர் வீட்டிற்குச் செவிலியர் சென்றுள்ளார் என்பதைக் கிராம சபையில் அறிவியுங்கள். பெயர் வேண்டா; எண்ணிக்கை போதும்.

இரண்டாவது, மருத்துவச் சீட்டுப் பெற்ற குழந்தைகள் அனைவரையும் ஒரே நாளில் ஒன்றாக அழைத்துச் செல்லுங்கள். இருவர் உடன் சென்றால், மற்றப் பெற்றோர் கூலியை இழக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, பணிவிடை பெண்களுக்கு மட்டும் உரியது என்ற எண்ணத்தை விடுங்கள். தகப்பனாரின் வாயைத் துடைத்துவிடுவதால் மகனுக்கு இழுக்கு ஏதும் இல்லை. ஏழு வயதுச் சிறுமி பள்ளியில் இருக்க வேண்டியவள்.

நாங்களும் எங்கள் பங்கைச் செய்கிறோம். இனி வீடுகளைப் பார்வையிடும்போது கூரையை மட்டும் பாராமல், உள்ளே படுத்திருப்பவரையும் கேட்டறிந்து சுகாதார நிலையத்துக்குத் தெரிவிப்போம். அடுத்த அறுவடைக் காலம் வருமுன்னர் ஒவ்வோர் ஊராட்சியிலும் இப்பணி தொடங்கட்டும்.