முட்டுக்கொடுத்த மரம்



முதுமை எய்தியபின் யாத்திரை செல்வோர் பெரும்பாலும் கோயில்களையே நாடுவர். ஜப்பானில் நாமும் கோயில்களைக் காணவே சென்றோம்; ஆயினும், நம்மை நெடுநேரம் நிறுத்தி வைத்தவை அங்குள்ள தோட்டங்களே. எழுபது வயதைக் கடந்த நமக்கு முழங்கால் நோவு உண்டு. புறப்படுமுன் நம் புதல்வன் கைத்தடி ஒன்றை வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தான். அதனை எடுத்து ஊன்ற நம் மனம் இசையவில்லை. தடியைத் தொட்ட நாளே கிழவனாகிவிட்ட நாள் என்று எண்ணியிருந்தோம்.

கியோட்டோ நகரத்து ரியோவான்ஜி ஆலயத்தில் கல் தோட்டம் ஒன்று உண்டு. மண்சுவர் சூழ்ந்த முற்றம். அதில் வாரியால் கோடு கீறிய வெண்சரளை. இடையிடையே 15 கற்கள். தாழ்வாரத்தில் எங்கே அமர்ந்து நோக்கினும் ஒரு கல்லேனும் கண்ணுக்கு மறைந்தே நிற்கும். இளமையில் வந்திருந்தால் அதனைக் காண இங்குமங்கும் நடந்திருப்போம். கால் நோவினால் ஓரிடத்திலேயே அமர்ந்தோம். யாவற்றையும் ஒருங்கே கண்டுவிட வேண்டுமென்னும் அவா அங்கே சற்றுத் தணிந்தது.

அந்நகரின் மேற்கே உள்ளது சைஹோஜி. 1339-இல் முசோ சொசேகி என்னும் துறவி புதுப்பித்த ஆலயம் அது. இன்று அதனைப் 'பாசிக் கோயில்' என்றே அழைக்கின்றனர். ஏறத்தாழ 120 வகைப் பாசிகள் அங்குண்டு. ஆனால் அவற்றை அத்துறவி வளர்க்கவில்லை. பிற்காலத்தில் பராமரிப்புக் குன்றியிருந்தபோது ஈரமும் நிழலும் சேர்ந்து விரித்த பசுங்கம்பளம் அது. காலம் செய்ததைச் சுரண்டி எறியாமல் பேணினர் அந்நாட்டார். முதுமை தருவன யாவும் இத்தகையனவே என்று கூறமாட்டோம். பாசி அழகு, முழங்கால் நோவு அழகன்று.

பின்னர் இரயிலேறிக் கனசாவா சென்றோம். அங்குள்ள கென்ரோகுவென் தோட்டம் மாயெதா குலத்துத் தலைவர்கள் தலைமுறை தலைமுறையாக அமைத்தது. 1874-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. குளக்கரையில் கராசாகி பைன் என்னும் முதுமரம் நிற்கிறது. 13-ஆம் தலைவராகிய நரியாசு, பீவா ஏரிக்கரையிலிருந்து விதை தருவித்து வளர்த்த மரம் அது. நீரின்மேல் படர்ந்த அதன் கிளைகளை மரத்தூண்கள் முட்டுக்கொடுத்துத் தாங்குகின்றன. ஈரமிக்க வெண்பனியின் பாரத்தால் கிளைகள் முறியாதவாறு, ஆண்டுதோறும் நவம்பர் 1-ஆம் நாள் இம்மரத்திலேதான் முதலில் கயிறு கட்டத் தொடங்குவர். நாம் சென்றது அவ்வாரத்தில். உயர்ந்த கம்பத்தின் உச்சியிலிருந்து குடைக்கம்பிகள்போல் இறங்கிய கயிறுகள் ஒவ்வொரு கிளையையும் பற்றியிருந்தன.

அந்த முட்டுக்கால்களை மறைக்க எவரும் முயலவில்லை. வந்தோர் அவற்றையும் சேர்த்தே படமெடுத்தனர். 'ஐயோ, பாவம்' என்று மரத்துக்கு இரங்கியவர் எவருமிலர். நெடுநேரம் நின்று நோக்கியபோது நமக்கு ஒன்று புலனாயிற்று: முட்டு இல்லையேல் அக்கிளை அவ்வளவு தொலைவு நீண்டிராது.

அத்தோட்டத்தில் சங்கினைப்போல் வழி சுழன்றேறும் சிறு குன்று ஒன்று உண்டு. அன்று அதன் அடிவாரத்தோடு திரும்பிவிட்டோம். மறுநாட் காலை பெட்டியைத் திறந்து கைத்தடியை எடுத்துக்கொண்டு மீண்டும் சென்றோம். மெல்லவே ஏறினோம், ஆயினும் ஏறினோம். அன்றிரவு புதல்வனுக்கு ஒரு கடிதம் எழுதினோம்.