எந்த ஒழிப்பு?

(திருச்சியில் மாணவர் படிப்பு வட்டத்தில் பேசியது)



அபாலிஷ், அனிஹிலேட். கைடுல இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான் போட்டிருக்கான்: ஒழி. மனப்பாடம் பண்ணினா மார்க் வரும். ஆனா நம்ம வாழ்க்கை இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவுலதான் மாட்டிக்கிட்டிருக்கு.

முதலில் இன்னொரு சொல்: எக்ஸெம்ப்ட். வங்கியில் தினமும் புழங்குவது. வட்டிக்கு வரி பிடிக்க வேண்டாமென்று எழுதிக் கொடுக்கிற பெரியவருக்குப் பிடிக்க மாட்டோம். வரி போய்விடவில்லை, அவருக்கு மட்டும் விலக்கு.

காவிரிப் பாலம் தாண்டினா ஸ்ரீரங்கம். உறையூர்ப் பாணர் குலத்துத் திருப்பாணாழ்வார் உள்ளே போக முடியாமல் இந்தக் கரையிலேயே நின்று பாடினார் என்கிறது வைணவக் கதை. விலகச் சொல்லி லோகசாரங்க முனி கல்லெறிந்தார், ரத்தம் வந்தது. பிறகு அரங்கன் கட்டளைப்படி அவரே ஆழ்வாரைத் தோளில் சுமந்து போனார். இதைச் சொல்லித்தான் 'வைணவத்தில் சாதி ஏது?' என்கிறார்கள். பாருங்க, கால் தரையில் படாமல்தான் உள்ளே போக முடிந்தது. ஒருவருக்கு விலக்கு. விதி வாசலிலேயே நின்றது. அவருடைய சனம் உள்ளே போக 1947இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வர வேண்டியிருந்தது.

அபாலிஷ் என்பது விதியையே எடுப்பது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவில் இந்தச் சொல் இருக்கிறது. கூடவே ஃபர்பிட் என்றும் இருக்கிறது. ஒழித்தாச்சு என்றால் தடை எதற்கு? ஏட்டில் செத்தது டீக்கடை டம்ளரில் உயிரோடு இருக்கும் என்பதால்தான். அபாலிஷ் ஏற்பாட்டைப் பார்த்துச் சொல்வது; ஃபர்பிட் ஆளைப் பார்த்துச் சொல்வது.

ஆனால் அங்கே ஒழிக்கப்பட்டது தீண்டாமை. சாதி அல்ல. சாதிக்கு அம்பேத்கர் 1936இல் எடுத்த சொல் வேறு: அனிஹிலேஷன். லாகூர் மாநாட்டுக்காரர்கள் பேச விடாததால் அவரே அச்சிட்டு வெளியிட்ட உரையின் தலைப்பில் இருப்பது அது. லத்தீனில் நிஹில் என்றால் ஒன்றுமில்லை. சாதியை, அதைப் புனிதமாக்குகிற சாஸ்திரங்களின் அதிகாரத்தோடு சேர்த்து ஒன்றுமில்லாமல் ஆக்குவது.

தமிழில் இரண்டுக்கும் ஒழிப்பு என்கிறோம். சனவரி 30இல் அலுவலகத்தில் கை நீட்டித் தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி எடுத்தவர், சாயங்காலம் சொந்த சாதியில் மாப்பிள்ளை தேடுகிறார். கேட்டால், 'நான் தீண்டாமையைத்தானே சொன்னேன்' என்பார். அந்தச் சந்தில்தான் சாதி பிழைத்துக் கிடக்கிறது.

அதனால இனிமே மேடையில யாராவது ஒழிப்புன்னு சொன்னா கை தட்டாதீங்க. எந்த ஒழிப்புன்னு கேளுங்க.